மலை ஏறும் பழைய லாரி கொதிக்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அப்பா காலத்து டாடா 1210 ஒன்று இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது உரமோ சிமெண்டோ ஏற்றிவரும். இப்போது அதற்கு வேலை குறைவு, ஆனால் விற்க மனசு வரவில்லை. இதே மாதிரி பழைய லேலண்ட் காமெட், பெட்ஃபோர்டு, ஃபார்கோ என்று வைத்துக்கொண்டு நீலகிரியில் ஏறி இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வண்டி ஏன் கொதிக்கிறது, என்ன செய்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன்.

கீழே கோயம்புத்தூர் வரைக்கும் நாள் முழுக்க ஓட்டினாலும் சூடு காட்டும் மீட்டரின் முள் அசைவதில்லை. குன்னூர் ஏறும் பாதையில் பர்லியார் தாண்டினால் மட்டும் சிவப்புக்குப் போகிறது. ஏன்?

ஏற்றம் எதையும் புதிதாகக் கெடுப்பதில்லை. கீழே இருக்கும்போது மறைந்து கிடந்த குறையை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். அதாவது ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். வண்டியும் லோடும் சேர்ந்து பத்து டன் என்று வைத்துக்கொண்டால், உருளுகிற சிரமம், பல்சக்கரத் தேய்மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெறுமனே தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 12 லிட்டர் டீசல் எரியவேண்டும். டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு வெளியேறுகிறது. மிச்சப் பங்கு, என்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டர் தலையில். நாலு லிட்டர் டீசலை எரித்த சூடு அது. காற்றே படாமல் அவ்வளவையும் தண்ணீரிலேயே இறக்கினால் ஐம்பது லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இந்த வேலையை உங்கள் ரேடியேட்டர் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் செய்யவேண்டும், அதுவும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்க்காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல்.

சமதரையில் இதே ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் சமாளித்துவிடும். வேகத்தில் காற்று அடிக்கிறது, என்ஜினும் கால்வாசி பலத்தில்தான் இழுக்கிறது. மலையில் அந்தச் சலுகை கிடையாது.

பக்கத்திலேயே போகிற மலை ரயிலைப் பாருங்கள், நீராவி என்ஜின் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகும். அதற்குத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதுதான் பிழைப்பு, நாம் அதே மலையைத் தண்ணீர் கொதிக்காமல் ஏறவேண்டும்.

எந்த கியரில் ஏறினால் சூடு குறையும்?

இதை நான் இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காசு செலவில்லாத வைத்தியம் இதுதான், யாரும் நம்பாததும் இதுதான்.

பழைய வண்டியில் ஃபேனும் வாட்டர் பம்பும் என்ஜினோடு பெல்ட்டில் கட்டியிருக்கின்றன. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் அவையும் மெதுவாகத்தான் சுற்றும். மூன்றாவது கியரில் வண்டி முக்கி முனகி, ஆக்சிலேட்டரைப் பலகையோடு மிதித்து, பின்னால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஏறுகிறது என்றால், அதிகமான சூட்டை உண்டாக்கிவிட்டு, குறைந்த காற்றையும் குறைந்த தண்ணீர் ஓட்டத்தையும் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாவதுக்கு இறக்குங்கள். என்ஜின் தாராளமாகச் சுற்றட்டும், மிதி முக்கால்வாசிக்கு மேல் போகவேண்டாம். சத்தம் கூடும், வேகம் கொஞ்சம் குறையும், முள் இறங்கும். "சத்தம் போட்டால் என்ஜின் கெட்டுவிடும்" என்று பயப்படுகிற ஓட்டுநர்கள்தான் அதிகம் கொதிக்கவைக்கிறார்கள். முனகவைப்பதுதான் கெடுதல்.

அப்புறம், மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஊட்டி உயரத்தில் கீழே இருப்பதைவிடக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ இல்லாத பழைய என்ஜினின் டீசல் பம்புக்கு இது தெரியாது, அது மேட்டுப்பாளையத்தில் கொடுத்த அதே அளவு டீசலைத்தான் மேலேயும் கொடுக்கும். எரியக் காற்று போதாமல் கறுப்புப் புகையாகப் போகும். புகை வந்தவுடனே காலைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது, சூட்டில் தெரியும்.

கொண்டை ஊசி வளைவுக்குள் போனபிறகு கியரைத் தேடாதீர்கள், முன்பே இறக்கிவிட்டு உள்ளே நுழையுங்கள். இது சூட்டுக்காக மட்டும் சொல்வதில்லை.

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்குமாமே, உண்மையா?

உண்மைதான். உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். குன்னூரில் 94-க்குப் பக்கம், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 93-க்குப் பக்கம். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதுவே. என்ஜின் நன்றாக வேலை செய்கிற சூடு 80-லிருந்து 90 வரை என்றால், மேலே உங்களுக்கு மிஞ்சுவது மூன்று நாலு டிகிரி இடைவெளிதான். அதனால்தான் முள் சிவப்பைத் தொடாமலே சில வண்டிகள் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன.

இதற்குத்தான் அழுத்த மூடி. ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருந்தால் அது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்துவைப்பது) ஊட்டியிலேயே கொதிநிலையை 105 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். ஆனால் அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், அல்லது கடையில் கிடைத்த ஏதோ ஒரு மூடியைத் திருகிவைத்திருந்தால், அது வெறும் தட்டுதான். ஐந்து வருஷமாக ரேடியேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூடி மாற்றியதோடு பிரச்சினை முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்காக, "பவுண்டு கூடினால் நல்லதுதானே" என்று புதுக் கார் மூடியை எடுத்துப் போடாதீர்கள். பழைய பித்தளை டேங்க்கின் ஈயப் பற்றுகள் 15 பவுண்டுக்குச் செய்தவை இல்லை, விட்டுக்கொடுத்துவிடும். வண்டியோடு வந்தது எத்தனை பவுண்டோ அதே அளவு. ரொம்பப் பழைய சில வண்டிகளில் அழுத்த மூடியே கிடையாது. அதில் கியரும் நிதானமும் தவிர வேறு வழியில்லை.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே வராது என்று மெக்கானிக் சொல்கிறாரே?

தமிழ்நாட்டில் பாதி லாரிகளில் இந்த வால்வு கிடையாது என்றுதான் நினைக்கிறேன், எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கழற்றியதுதான். எங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருந்தது.

வால்வு மூடியிருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கத்துக் குழாய் வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். சூடு ஏறியதும் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். பல என்ஜின்களில் திறக்கிற அதே வால்வுதான் அந்தப் பக்கத்துக் குழாயை அடைக்கவும் செய்கிறது. அப்படிப்பட்ட என்ஜினில் வால்வைக் கழற்றினால் என்ன ஆகும்? பக்கத்துக் குழாய் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப என்ஜினுக்குள் போகும். சூடு குறையும் என்று கழற்றியது ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும்!

இன்னொரு பக்கம், ஊட்டிக் குளிரில் வால்வு இல்லாத டீசல் என்ஜின் பகலில்கூட முழுச் சூட்டுக்கு வராது. குளிர்ந்த என்ஜினில் டீசல் சரியாக எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலோடு கலக்கும், அந்தச் சுவரான லைனர் தேயும், வெள்ளைப் புகை நிற்காது. கொதித்து ஒரே நாளில் சாவதற்குப் பதிலாக மெல்ல மெல்லச் சாகிறது.

வால்வு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரையும் போட்டுச் சூடாக்குங்கள். வால்வின் மேலேயே திறக்கிற டிகிரி பொறித்திருக்கும், 71, 79, 83 என்று ஏதாவது. அந்த இடத்தில் திறக்க ஆரம்பிக்கவேண்டும். முழுசாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். மேலே இருக்கிறவர்கள் கவனியுங்கள்: உங்கள் பாத்திரம் 93-ஐத் தாண்டாது, 83 வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

ரேடியேட்டரைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். போதாதா?

எந்தப் பக்கமிருந்து அடித்தீர்கள்? முன்னாலிருந்து அடித்தால் சேறும் பூச்சியும் இன்னும் உள்ளே போய் உட்காரும். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் அடிக்கவேண்டும். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண், காய்கறிச் சருகு, தேயிலைத் தூசி எல்லாம் ஆயில் கசிவோடு சேர்ந்து களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும். அது வெறும் தண்ணீருக்குப் போகாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் ஊறவிட்டு, அப்புறம் கழுவுங்கள். மடங்கிப்போன தகடுகளைப் பொறுமையாக ஒரு மெல்லிய கத்தியால் நிமிர்த்துங்கள்.

இது வெளிப்பக்கம். உள்பக்கம்தான் பெரும்பாலும் குற்றவாளி. கீழே போர் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றிய வண்டியில், டீ கெட்டிலில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு குழாய்களுக்குள் படிந்திருக்கும். மேல் மூடியைத் திறந்து பார்த்தால் முதல் சில குழாய் வாய்கள் தெரியும், வெள்ளையாக அடைத்திருந்தால் உள்ளே கேட்கவே வேண்டாம். இன்னொரு சோதனை: என்ஜின் சூடானபிறகு நிறுத்திவிட்டு, ஃபேன் நின்றதும் ரேடியேட்டர் முகத்தில் அங்கங்கே கையை வைத்துப் பாருங்கள். சூடான இடங்களுக்கு நடுவே சில பட்டைகள் மட்டும் ஆறிப்போய் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

பழைய செம்பு ரேடியேட்டரின் பெருமை என்னவென்றால், அதைப் பழுது பார்க்கலாம். ரேடியேட்டர் கடையில் மேல் டேங்க்கின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, மறுபடி ஈயம் வைத்து, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்துத் தருவார்கள். அதற்கு ஆகும் காசு என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பழுது பார்க்கும் காசைவிட ரொம்பக் குறைவு. ஆசிடை ஊற்றி "எல்லாம் கரைந்துவிடும்" என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள், சுண்ணாம்போடு சேர்த்து செம்பும் கரையும்.

ஃபேன் நன்றாகத்தானே சுற்றுகிறது?

சுற்றுவது வேறு, இழுப்பது வேறு. பெல்ட்டை இரண்டு கப்பிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கவேண்டும். அதற்கு மேல் என்றால் ஏற்றத்தில் வழுக்கும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தாலும் வழுக்கும்.

ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கவேண்டும். பல வண்டிகளில் "கை போகத் தடையாக இருக்கிறது" என்று கழற்றிக் காயலான் கடைக்குப் போய்விட்டது. கூடு இல்லையென்றால் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கலக்கும், ரேடியேட்டரின் மூலைகளில் காற்றே போகாது. தகரக் கடையில் அளவு கொடுத்தால் ஒரு நாளில் செய்துதருவார்கள்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வாட்டர் பம்ப் மாற்றும்போது ஃபேனை முன் பின் மாற்றிப் பூட்டிவிட்டேன். காற்று அப்போதும் அதே பக்கம்தான் வரும், அதனால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாகிவிடுவதால் இழுப்பு பாதிதான் இருக்கும். இரண்டு மாதம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். பக்கத்து ஊர் டிராக்டர் மெக்கானிக் ஒருவர் வந்து நின்ற இடத்திலிருந்தே, "தம்பி, ஃபேன் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம்!

எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று கூடுதலாக வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் பழைய டைனமோவுக்கு அதைச் சுமக்கிற தெம்பு இருக்காது, ராத்திரி விளக்கோடு சேர்த்து ஓட்டினால் பேட்டரி படுத்துவிடும். கூடு, பெல்ட், மூடி, குழாய் நான்கையும் சரிசெய்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். யோசிக்கத் தேவையிருக்காது.

கூலண்ட் வேண்டுமா, பச்சைத் தண்ணீர் போதாதா?

சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டி. கூலண்டில் இருக்கிற கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டை ஏந்தும். "அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும்" என்று கலக்காமல் ஊற்றுகிறவர்கள் காசையும் கொடுத்து வண்டியையும் கொதிக்கவைக்கிறார்கள். ஆனால் துருப் பிடிக்காமல் காப்பது கூலண்ட்தான், கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றுகிறது.

மேலே இருக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழுந்து சுழியத்துக்குக் கீழே போகும் இரவுகள் உண்டு. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், என்ஜினின் உடலான பிளாக்கில் விரிசல் விழ அது போதும். அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் ராத்திரி தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலையில் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள், ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்துவிட்டு பிளாக்கில் இருக்கிற குழாயை மறந்தவர்கள் பட்டதும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மிச்சம் நல்ல தண்ணீர் என்பது நம் மலைக்குப் போதும். மலை ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, கீழிருந்து போர் தண்ணீர் பிடித்து வராதீர்கள்.

ஒன்று: கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். திறந்துவிட்டதைத் தரையில் விட்டால் நாய் நக்கிவிட்டுச் செத்துப்போகும். பாத்திரத்தில் பிடித்து மூடிவையுங்கள்.

முள் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

பழைய மீட்டரில் மெல்லிய செம்புக் குழாயும் நுனியில் ஒரு குமிழும் இருக்கும். குமிழைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் கொதிநிலையைக் காட்டவேண்டும். ஊட்டியில் செய்தால் அது 93, நூறு இல்லை! அந்தச் செம்புக் குழாயை மடக்கிவிடாதீர்கள், ஒடிந்தால் மீட்டரே போச்சு. இன்னொன்று, தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் குமிழ் ஆவியில் தொங்கும், முள் இறங்கவும் செய்யலாம். கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே ஓரம் கட்டுங்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று. இன்னும் சூடாகிறது.

அப்படியானால் ரேடியேட்டரை விட்டு வெளியே வாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா? கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் அனல் அடித்தால் உங்கள் டீசல் அங்கே எரிகிறது. கிளட்ச் வழுக்கினாலும் இதே கதை. டீசல் பம்ப் டீசலைத் தெளிக்கும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருந்தால் வண்டி இழுக்காது, சூடும் ஏறும், சைலன்சர் பக்கம் வழக்கத்தைவிடக் காயும்.

கீழ் ஹோஸை மறக்காதீர்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற அது உறிஞ்சுகிற பக்கம். ரப்பர் இளகிப்போயிருந்தால் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே சப்பிக்கொள்ளும், நிறுத்திப் பார்க்கும்போது குழந்தை மாதிரி பழையபடி இருக்கும். இதைப் பிடிக்க ஒரு ஆள் மிதிக்க, இன்னொரு ஆள் பார்க்கவேண்டும்.

கடைசியாக ஹெட் கேஸ்கட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் தகடு. குளிர்ந்த என்ஜினில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி மூடியில்லாமல் ஓடவிடுங்கள். வால்வு திறக்கும் முன்பே குமிழ் குமிழாக விடாமல் வந்தால் எரிபுகை தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் குச்சியில் மோர் நிறம் தெரிந்தாலும் அதேதான். இதற்கு மருந்து ஊற்றிப் பயனில்லை, ஹெட்டை இறக்கவேண்டும்.

நடுவழியில் கொதித்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தண்ணீர் இன்னும் இருக்கிறது, முள் மட்டும்தான் ஏறியிருக்கிறது என்றால் என்ஜினை அணைக்காமல், நியூட்ரலில் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓடவிடுங்கள், ஃபேனும் பம்பும் வேலை செய்யும். தண்ணீர் கொட்டிவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்றால் உடனே அணையுங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம். கண்டிப்பாக அரை மணி நேரம். அப்புறமும் ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் தள்ளிவைத்து, முதல் கட்டம் வரை மட்டும் திருகி ஆவியை விட்டுவிட்டுத் திறங்கள். வெந்துபோன கைகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போது என்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற ஹெட்டில் ஓடைத் தண்ணீரை ஒரே குடமாகக் கவிழ்த்தால் விரிசல் விழும்.

கிளம்பும்போது வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி பனிமூட்டத்தில் பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது. இதைச் செய்யாத கிளீனரை எங்கள் அப்பா பாதி மலையிலிருந்து திருப்பி நடத்தி அனுப்பியிருக்கிறார்.

ரேடியேட்டர் ஒழுகுகிறது. மஞ்சள் தூள் போட்டால் அடைக்குமா?

அடைக்கும். ஒழுகுகிற இடத்தையும் அடைக்கும், ஒழுகாத குழாய்களையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர ஒருநாள் வைத்தியம், அடுத்த நாளே ஈயம் வைக்கிற கடைக்குப் போய்விடுங்கள்.

சீசனில் வண்டி நெரிசலில் நின்று நின்று ஏறவேண்டியிருக்கிறதே?

மே மாதத்தில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள், ஆனாலும் நெரிசல் நெரிசல்தான். லோடு இருந்தால் விடிவதற்குள் பர்லியாரைத் தாண்டப் பாருங்கள், காற்றும் குளிர்ந்திருக்கும். மாட்டிக்கொண்டால் முன்வண்டிக்கு ஒட்டி ஒட்டி நகராமல், இடைவெளி விட்டு, ஒரேயடியாகக் கொஞ்ச தூரம் ஏறி நில்லுங்கள்.

இறங்கும்போது சூடாகாதே, அப்போது கவனிக்க என்ன இருக்கிறது?

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். என்ஜின் குளிர்ந்துபோகும், அது பிரச்சினையில்லை, வால்வு பார்த்துக்கொள்ளும். இருந்தால்.

குளிர்காலக் காலையில் ரேடியேட்டர் முன்னால் சாக்குக் கட்டுகிறார்களே, சரியா?

பாதி மூடிக் கட்டினால் சரிதான், என்ஜின் சீக்கிரம் சூட்டுக்கு வரும். கட்டியதை ஞாபகம் வைத்துக்கொள்ள சாவிக்கொத்தில் ஒரு துண்டுச் சணலைக் கட்டிவையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஏனென்றால் ஒருமுறை சாக்கோடு மேட்டுப்பாளையம் இறங்கி, சிமெண்ட் ஏற்றி, சாக்கோடே கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனை வரைக்கும் கொதிக்கக் கொதிக்க ஏறிவந்தேன்.